அறுகம்புல் சாடி

செலீன்: அப்ப நத்தைதான் எண்டு சொல்லுறியள்.

நாகேந்திரம்: நான் எங்க சொன்னனான்? நத்தையாயும் இருக்கலாம் எண்டுதானே…

செலீன்: நத்தை நகம் வளர்க்குமோ, நாகேந்திரம் அண்ணை?

நாகேந்திரம்: ஏன் அப்பிடிக் கேக்கிறியள்?

செலீன்: குனிஞ்சு பாருங்கோ. இந்த நுனி. நகத்தால கிள்ளின மாதிரி இல்லையோ? நத்தை திண்டா ஓரமெல்லாம் அரிச்சுக் கிடக்கும். எச்சில் காய்ஞ்சு வெள்ளிக் கோடு மாதிரி ஓடியிருக்கும். இது துப்புரவான வேலை.

நாகேந்திரம்: என்ர நாரி நோ குனிய விடாது. நீங்கள் சொன்னாச் சரி.

செலீன்: முந்தநாள் ரெண்டு பூ. நேற்று மூண்டு. இண்டைக்கு வேணுமெண்டே அஞ்சரைக்கு வந்து பாத்தன். வெறுந்தண்டு.

நாகேந்திரம்: அஞ்சரைக்கோ? நீங்கள் ஆறு மணிக்கெல்லோ வாறனீங்கள்…

செலீன்: உங்களுக்கு என்னண்டு தெரியும்?

நாகேந்திரம்: அது… பைப் திறக்கிற சத்தம். மேல பல்கனிக்குக் கேக்கும்தானே.

செலீன்: ம்.

நாகேந்திரம்: பூத்தானே தங்கச்சி. இண்டைக்குப் போனா நாளைக்கு ஒண்டு பூக்கும்.

செலீன்: இது செவ்வரத்தையோ அண்ணை, வெட்ட வெட்டத் துளிர்க்க? இது ஒரு வருஷத்துப் பூண்டு. ஐப்பசி மழைக்கு முளைக்கும். மார்கழியில பூக்கும். மாசிக்குள்ள செத்துப்போம். பூவை விட்டாத்தான் காய். காய் முத்தினாத்தான் விதை. விதை இல்லையெண்டா… அடுத்த வருஷம் எண்டு ஒண்டு அதுக்கு இல்லை.

நாகேந்திரம்: வேற எங்கயும் நிக்கும்தானே.

செலீன்: எங்க? ரெயில் பாதைக்குப் பக்கத்து வெறும் வளவில மட்டும்தான் நிண்டது. இப்ப அதில பத்து மாடி நிக்குது. பேராதனையில பூண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற பிள்ளை பஸ்லா இருக்குதெல்லே, படம் அனுப்பின உடன ரெண்டுதரம் கேட்டது. "அன்ரி, மெய்யாவே வெள்ளவத்தையிலயா எடுத்தீங்க?" எண்டு. கொழும்புப் பக்கம் இதை ஒருத்தரும் கண்டதாத் தனக்குத் தெரியாதாம்.

நாகேந்திரம்: அந்தக் கட்டடக்காரர் மண்ணைப் போட்டு மூடிப்போட்டாங்கள் என்ன.

செலீன்: …ஓம். மூடிப்போட்டாங்கள்.

நாகேந்திரம்: நல்லகாலம் நீங்கள் கொஞ்ச விதை எடுத்து வைச்சது.

செலீன்: எடுத்து வைச்சு என்ன? முதல் வருஷம் நாப்பது கண்டு முளைச்சது. அடுத்த வருஷம் இருவது. போன வருஷம் பதினொண்டு. இந்த வருஷம் மூண்டே மூண்டு.

நாகேந்திரம்: நீங்கள் பாக்கிற பார்வைக்கோ?

செலீன்: அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நுகேகொடையில இருந்து நல்ல மண் எடுப்பிச்சுப் போட்டனான். ஒரு புல்லு தலைகாட்ட விடமாட்டன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியால புல்லுப் பிடுங்குவன். என்ர வீட்டு நிலம் அவ்வளவு சுத்தமில்லை.

நாகேந்திரம்: உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. பேர்கூடத் தெரியாத பூ…

செலீன்: திருப்பிக் குடுக்கோணும்.

நாகேந்திரம்: ஆருக்கு?

செலீன்: …அந்தப் பக்கத்துக்கு. ரெயில் பாதை ஓரத்தில இன்னும் கொஞ்சம் மண் கிடக்கு. பஸ்லா இன்னும் ரெண்டு கிழமை கழிச்சு ஞாயிறு வாறா. விதையில கொஞ்சம் அவ கொண்டுபோய்க் கெடாமக் குளிரில வைப்பா. மிச்சம் அங்க தூவுறது. இந்த மூண்டு கண்டும் காய்ச்சாத்தான் அதெல்லாம்.

நாகேந்திரம்: ஆரும் மாதாவுக்கு வைக்க எடுத்திருப்பினமோ… உங்கட ஆக்கள்…

செலீன்: எங்கட ஆக்கள் பூவைக் கடையில வாங்குவினம் அண்ணை. விடியவெள்ளன சொப்பிங் பையோட வந்து, மதிலுக்கு மேலால கை போடுறது உங்கட ஆக்கள்.

நாகேந்திரம்: சாமிக்குப் பூ ஆயிறது களவில்லை எண்டு சொல்லுவினம்.

செலீன்: ஆர் சொன்னது?

நாகேந்திரம்: எங்கட அம்மா. புண்ணியத்தில பாதி கண்டு வைச்ச ஆளுக்காம்.

செலீன்: எனக்குப் புண்ணியம் வேண்டாம். விதை கிடைச்சாக் காணும்.

நாகேந்திரம்: அதுவும் சரிதான்…

செலீன்: நான் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் நாலரைக்கே எழும்புறனீங்கள். உங்கட பல்கனியில நிண்டு பாத்தா இந்தப் பூச்சாடியள் நேர கீழ. நீங்கள்தான் எனக்குக் காவல்.

நாகேந்திரம்: நானோ?

செலீன்: வேற ஆர்? வாசல்ல இருக்கிற செக்கியூரிட்டி ஐயாவை நாங்கள்தான் காவல் காக்கோணும்.

நாகேந்திரம்: சரி… பாக்கிறன்.

செலீன்: அதோட ஜெயராணி அக்காவுக்குச் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை மோதகம் நல்ல ருசி எண்டு. எனக்கு ஏன் வருது எண்டுதான் விளங்கிறேல்லை.

நாகேந்திரம்: சும்மா… அயல்தானே.

செலீன்: அயல் அஞ்சு வருஷமா. மோதகம் போன மார்கழியில இருந்துதான்.

*

நாகேந்திரம் படியேறினார். லிஃப்ட் கிழமையில் நாலு நாள் ஓடாது. மற்ற மூன்று நாளும் அதை நம்பி ஏற ஆளில்லை. அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவருக்கும் மனைவி ஜெயராணிக்கும் மூன்றாம் மாடி. செலீனுக்குக் கீழே நிலத்தள வீடு, தனி ஆள், காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, பின்பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவு வெளி. காவல் வேலையை ஏற்றுக்கொண்ட மனுசன் படிக்கொரு மூச்சு நின்றார். பூவைக் கொண்டுபோனது யாரென்று பார்க்க அவர் பல்கனிக்குப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. அது சாமி அறையில், பிள்ளையாரின் காலடியில், இன்னும் வாடாமல் கிடந்தது.

அடுத்த நாள் விடிய அவர் கீழே இறங்கவில்லை.

*

ஜெயராணி: இஞ்சருங்கோ. தட்டத்தில நந்தியாவட்டை மட்டும் கிடக்கு.

நாகேந்திரம்: இண்டைக்கு அவ்வளவுதான்.

ஜெயராணி: அந்த ஊதாப்பூ?

நாகேந்திரம்: இல்லை.

ஜெயராணி: செலீன் தரேல்லையோ?

நாகேந்திரம்: பூக்கேல்லையாம்.

ஜெயராணி: கோயில்ல பிள்ளையார் பெருங்கதை நடக்கிற நாளில பூக்காம விட்டிட்டுதே. பிள்ளைக்குச் சுகமில்லையோ தெரியாது. ஒருக்காக் கேட்டனீங்களோ?

நாகேந்திரம்: சுகமாத்தான் இருக்கிறா. நீர் விளக்கைக் கொளுத்தும்.

ஜெயராணி: போன வருஷம் இந்த நாளிலதான் எனக்கு இடுப்பெலும்புக்கு ஒப்பரேஷன் செய்தது. இருவத்தொரு நாளும் கோயிலுக்குப் போய்க் கதை கேட்ட எனக்கு, ஒரு நாள்கூடப் போக ஏலாமப் போச்சு. கட்டில்ல கிடந்து அழேக்க, நீங்கள் அந்தப் பூவோட வந்து நிண்டியள். கீழ் வீட்டுச் செலீன் உமக்கெண்டு தந்தவ எண்டு.

நாகேந்திரம்: பழங்கதை ஏன் இப்ப…

ஜெயராணி: வேதக்காரப் பிள்ளை, எங்கட பிள்ளையாருக்கெண்டு ஆய்ஞ்சு தருது. எனக்கு நோ பாதி அதிலதான் மாறினது. ஒருநாள் கீழ இறங்கிப் போய் நேர சொல்லோணும்.

நாகேந்திரம்: நீர் படி இறங்கக்கூடாது. டொக்டர் சொன்னவர்.

ஜெயராணி: டொக்டர் நடக்கச் சொன்னவர்.

நாகேந்திரம்: நடக்கச் சொன்னவர். இறங்கச் சொல்லேல்லை.

ஜெயராணி: ஏன் நீங்கள் எப்பவும் என்னைக் கீழ போக விடுறியள் இல்லை?

நாகேந்திரம்: உம்மட இடுப்புக்கு நான்தானே பொறுப்பு.

ஜெயராணி: பெரிய பொறுப்பு. சரி, பூ இல்லாட்டி அறுகாவது கூட வைப்பம். பல்கனிச் சாடியில ஆயப் போனா ஒரே களை. முந்தியெல்லாம் அந்தச் சாடியில அறுகைத் தவிர ஒண்டும் நிக்காது. நீங்கள் வாடின பூவெல்லாம் கொண்டுபோய் அதுக்குள்ளயே போட்டு…

நாகேந்திரம்: குப்பையில போடக்கூடாது எண்டது நீர்.

ஜெயராணி: சாமிக்கு வைச்ச பூவைக் கோழியெலும்போட போடுறதோ? கடலுக்குக் கொண்டுபோய் விடுங்கோ எண்டா உங்களுக்கு நடக்கப் பஞ்சி. கால்படாத இடம் எண்டா அந்தச் சாடி ஒண்டுதான். இந்தா பாருங்கோ, இவ்வளவும் இப்ப பிடுங்கினது.

நாகேந்திரம்: …என்னது அது?

ஜெயராணி: களை எண்டுறன். சொரசொரத்த இலை. வேரும் பெரிசா இல்லை. இழுக்கேக்க அறுகின்ர வேரையும் சேத்துக்கொண்டு வருது, சனியன்.

நாகேந்திரம்: ராணி. இனிப் பிடுங்காதையும்.

ஜெயராணி: ஏன்? பிள்ளையாருக்கு வைக்கிற அறுகு, சுத்தமா…

நாகேந்திரம்: பிடுங்காதையும் எண்டனான். கையை எடும்.

ஜெயராணி: என்னப்பா உங்களுக்கு? ஒரு களைக்குப் போய் முகம் வெளிறி நிக்கிறியள்.

நாகேந்திரம்: எத்தினை பிடுங்கினனீர்?

ஜெயராணி: பத்துப் பன்ரண்டு.

நாகேந்திரம்: இன்னும் நிக்குதோ?

ஜெயராணி: வந்து பாருங்கோவன். சாடி முழுக்க அதுதான். இஞ்ச ஒண்டு மொட்டும் வைச்சிருக்கு. நுனி கொஞ்சம் பிரிஞ்சு… இஞ்சருங்கோ, இது என்ன நிறம்?

நாகேந்திரம்: …ஊதா.

ஜெயராணி: செலீன்ர பூவெல்லோ.

நாகேந்திரம்: ம்.

ஜெயராணி: என்ர பிள்ளையாரே. தானா முளைச்சிருக்கு. உடன போய் அவவுக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா.

நாகேந்திரம்: சொல்லுவம். நல்லாப் பூக்கட்டும். பூத்த பிறகு காட்டுவம்.

*

இரண்டு தரம் எண்ணினார். இருபத்தாறு. பிடுங்கிப் போட்ட பன்னிரண்டையும் விரலால் குழி தோண்டித் திரும்ப நட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அவை துவண்டு விழுந்தன. போய்ச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் செலீன் முதலில் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: விதை எப்படி மேலே ஏறினது? அதற்கு மறுமொழி சொல்வதென்றால் இரண்டு பெண்களுக்குச் சொன்ன இரண்டு பொய்யையும் ஒரே மூச்சில் அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல இறங்கினார். ஒவ்வொரு நாளும் மழையைப் பற்றியும் லிஃப்டைப் பற்றியும் கதைத்துவிட்டு ஏறினார்.

செலீனோ, அவர் காவலுக்கு நின்ற நாளிலிருந்து ஒரு பூவும் களவு போகவில்லை என்று சொல்லி, கையில் ஒரு டோர்ச்சையும் கொடுத்துவிட்டாள். முதலாம் மாடிச் சவுந்தரநாயகத்திடம், காவல் என்றால் நாகேந்திரம் அண்ணையின் காவல்தான் என்று மெச்சியிருக்கிறாள். சவுந்தரநாயகம் அதைப் படியில் மறித்து அவருக்கே சொன்னார்.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, வெயில் எறித்தபோது அவர் கீழே போனார். செலீன் சாடிகளுக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலியில் இருந்தாள்.

*

செலீன்: வாங்கோ அண்ணை. இந்த முறை மெய்யாவே நத்தைதான்.

நாகேந்திரம்: என்ன சொல்லுறியள்?

செலீன்: வெள்ளிக் கோடு கிடக்கு, பாருங்கோ. ரெண்டு கண்டு தண்ணி நிண்டு வேரோட அழுகிப்போச்சு. மிஞ்சின ஒண்டை இராத்திரி அவர் வந்து சாப்பிட்டிட்டுப் போட்டார்.

நாகேந்திரம்: காய் ஒண்டும்…?

செலீன்: ஒரு காய். பிரிச்சுப் பாத்தன். உள்ளுக்குப் பால் மாதிரி. முத்தேல்லை.

நாகேந்திரம்: பழைய விதை…

செலீன்: இதின்ர விதை தூசு மாதிரி அண்ணை. இருந்த கடைசித் தூசையும் இந்த ஐப்பசிக்குப் போட்டிட்டன். பஸ்லாவுக்கு ஃபோன் எடுத்து வர வேண்டாம் எண்டு சொல்லோணும்.

நாகேந்திரம்: எடுக்காதேங்கோ.

செலீன்: பிள்ளை கண்டியில இருந்து ரெயில் ஏறி வரோணும். வெறுஞ்சாடியைக் காட்டவோ?

நாகேந்திரம்: இப்ப எடுக்காதேங்கோ எண்டுறன்.

செலீன்: நீங்கள் ஏன் அண்ணை இப்பிடி வேர்த்து நிக்கிறியள்? உங்களில பிழையில்லை. நீங்கள் காத்தது காணும். அந்த டோர்ச்சையும் நீங்களே வைச்சிருங்கோ.

நாகேந்திரம்: ஒருக்கா மேல வாங்கோ.

செலீன்: மேலயோ? என்னத்துக்கு?

நாகேந்திரம்: ராணி… மோதகம் அவிச்சிருக்கிறா.

செலீன்: இண்டைக்குச் செவ்வாய்.

நாகேந்திரம்: செவ்வாயும் அவிக்கலாம். வாங்கோ.

செலீன்: எனக்கு இப்ப மோதகம் இறங்காது அண்ணை.

நாகேந்திரம்: மோதகத்துக்கில்லை. வாங்கோவன், தங்கச்சி. நான் உங்களிட்ட இதுவரை ஒண்டும் கேட்டதில்லை. இதைச் செய்யுங்கோ.

செலீன்: சரி… வாறன். லிஃப்ட் ஓடுதோ?

நாகேந்திரம்: இல்லை.

செலீன்: பாத்து ஏறுங்கோ. ஈரம்.

நாகேந்திரம்: செலீன்… முதல்நாள் நத்தை எண்டு சொன்னனே.

செலீன்: ஓம்.

நாகேந்திரம்: அது நத்தையில்லை.

செலீன்: இப்பதானே கோட்டைக் காட்டினன்.

நாகேந்திரம்: இது நத்தை. அது…

செலீன்: உங்களுக்கு மூச்சு வாங்குது. படியில நிண்டு கதைக்காதேங்கோ.

நாகேந்திரம்: படியிலதான் கதைக்கோணும். மேல போனா…

செலீன்: இன்னும் ஒரு மாடிதான். ஏறுங்கோ.

*

ஜெயராணி: வாங்கோ பிள்ளை, வாங்கோ. அஞ்சு வருஷத்தில இண்டைக்குத்தான் இந்த வாசலுக்கு வாறியள். நான் கீழ வரோணும் எண்டு எத்தினை நாள்… இவர் விடுறாரில்லை.

செலீன்: பரவாயில்லை அக்கா. நடக்கிறது சுகமோ?

ஜெயராணி: தடியில்லாம நடக்கிறன். நேர பல்கனிக்கு வாங்கோ. இவர் சொன்னவரோ?

செலீன்: ஒண்டும் சொல்லேல்லை. மோதகம் எண்டார்.

ஜெயராணி: மோதகமோ? இண்டைக்குச் செவ்வாயெல்லோ. சரி, அதை விடுங்கோ. இஞ்ச பாருங்கோ.

செலீன்: என்ர மாதாவே.

ஜெயராணி: எப்பிடி?

செலீன்: …எத்தினை?

நாகேந்திரம்: இருவத்தாறு.

செலீன்: இது கீழ்க்கொப்பெல்லாம் காய். முத்திக்கொண்டு வருது. அக்கா… இது எப்பிடி இஞ்ச?

ஜெயராணி: எப்பிடி எண்டால், நீங்கள் தந்த பூத்தான் பிள்ளை. போன மார்கழியில இருந்து ஒவ்வொரு நாளும் விடிய ஆய்ஞ்சு குடுத்துவிட்டீங்களே. வாடினதை நாங்கள் இந்தச் சாடிக்குள்ளதான் போடுறனாங்கள். அதில இருந்து முளைச்சிருக்கு.

செலீன்: நான்… குடுத்துவிட்ட பூ.

ஜெயராணி: ஏன் பிள்ளை, மறந்துபோனீங்களோ? இவர் சொன்னாரே, செலீன் உமக்கெண்டு…

நாகேந்திரம்: ராணி, நான் ஒரு விசயம்…

செலீன்: ஓம் அக்கா. நான்தான் குடுத்துவிட்டனான்.

ஜெயராணி: பாத்தீங்களோ. அதுக்குத்தான் வெள்ளிக்கு வெள்ளி மோதகம். வேற என்னத்தை நான் செய்யிறது, மேல இருந்துகொண்டு?

செலீன்: மோதகம் ஏன் எண்டு இப்பதான் விளங்குது.

*

பஸ்லாவுக்கு வீடியோவில் காட்டினார்கள். பிள்ளை முதலில் சாடியை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னது, பிறகு சிரித்தது. இந்தப் பூண்டு புல்லுக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதில்லையாம், புல்லின் வேரில் தன் வேரை ஒட்டி அதிலிருந்து குடிக்குமாம். படத்தில் சாடியை மட்டும் பார்த்த தனக்கு, அன்ரி புல்லை ஊசியால் பிடுங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் போய்விட்டது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவதாகச் சொல்லி வைத்தது.

*

செலீன்: அப்ப இவ்வளவு காலமும் அதின்ர சாப்பாட்டைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, ஏன் மெலியிறாய் எண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறன்.

ஜெயராணி: பிள்ளையாற்ற அறுகில பங்கு கேட்டு மூண்டு மாடி ஏறி வந்திருக்கு. கெட்டிக்காரி.

செலீன்: காய் எப்பிடி வந்தது எண்டும் விளங்குது. நுனியோட கிள்… நுனியோட ஆய்ஞ்சால் கீழ்க் காயும் சேந்து வரும். சாமி அறையில காய்ஞ்சு, சாடிக்குள்ள வெடிச்சிருக்கு.

ஜெயராணி: நான் தெரியாம பன்ரண்டு பிடுங்கிப்போட்டன் பிள்ளை. அதைச் சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது.

செலீன்: தெரியாமத்தானே அக்கா.

ஜெயராணி: இனி என்ன செய்யிறது? காயெல்லாத்தையும் ஒரு கடுதாசியில ஆய்ஞ்சு வைப்பமோ?

செலீன்: வேண்டாம். பத்துக் கண்டை ஒருதரும் தொடக்கூடாது. அது தானா வெடிச்சு, இந்தச் சாடிக்குள்ளயே விழட்டும். மற்றதில பாதி பஸ்லாவுக்கு, பாதி ரெயில் பாதைக்கு.

ஜெயராணி: எல்லாத்தையும் எடுத்துப் பத்திரமா வைச்சா என்ன?

செலீன்: எல்லாத்தையும் எடுக்கக்கூடாது அக்கா.

ஜெயராணி: நீங்கள் சொன்னாச் சரி. அறுகு ஆயலாமோ? பெருங்கதை முடிய இன்னும் மூண்டு நாள் இருக்கு.

செலீன்: நுனியை மட்டும் கிள்ளுங்கோ. வேரை விடுங்கோ.

ஜெயராணி: இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன். இஞ்சி போட்டது.

நாகேந்திரம்: நான் போடுறன் ராணி…

ஜெயராணி: நீங்கள் போட்டா அது சுடுதண்ணி. இருங்கோ அதில.

நாகேந்திரம்: செலீன்.

செலீன்: சொல்லுங்கோ.

நாகேந்திரம்: நான்தான் கிள்ளினது.

செலீன்: நாரி குனிய விடாது எண்டனீங்கள்.

நாகேந்திரம்: விடியவெள்ளன… கொஞ்சம் விடும்.

செலீன்: ம்.

நாகேந்திரம்: முதல்நாள் உங்களிட்டக் கேட்டு எடுப்பம் எண்டுதான் வந்தனான். மாதாவாணை. உங்கட வீட்டில லைட் எரியேல்லை. அவ மேல கிடந்து அழுறா. நாலு பூத்தானே எண்டு கிள்ளினன்.

செலீன்: எனக்கு மாதாவாணை எண்டு சத்தியம் பண்ணாதேங்கோ. உங்கட ஆளைப் பிடியுங்கோ.

நாகேந்திரம்: பிள்ளையாராணை. அடுத்தநாள் கேக்க வெக்கமாப் போச்சு. அதுக்குள்ள நீங்கள் தந்ததெண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாத்த ஒவ்வொரு நாளும் பூ வேண்டியிருந்தது.

செலீன்: நான் காவலுக்கு உங்களை வைச்சன்.

நாகேந்திரம்: வைச்ச பிறகு ஒரு பூவும் தொடேல்லை.

செலீன்: அது தெரியும். காவல் நல்லாத்தான் இருந்தது.

நாகேந்திரம்: பேசுங்கோ. நாலு பேச்சுப் பேசினீங்களெண்டா எனக்கு ஆறும். விதை அத்துப்போக இருந்ததே என்னால.

செலீன்: உங்களாலதான் இருவத்தாறு நிக்குது.

நாகேந்திரம்: அது நான் நினைச்சுச் செய்ததில்லை. செலீன்… ஒண்டு கேக்கிறன். அவவுக்கு முன்னால நீங்கள் என்னைக் காட்டிக்குடுத்திருக்கலாம். "நான்தான் குடுத்தனான்" எண்டு ஏன் சொன்னனீங்கள்?

செலீன்: தேத்தண்ணி வருது.

நாகேந்திரம்: வரேல்லை. இன்னும் கேத்தில் கொதிக்கேல்லை. சொல்லுங்கோ.

செலீன்: அந்த ரெயில் பாதை வளவு. கட்டடக்காரர் மண்ணைப் போட்டு மூடினவங்கள் எண்டு சொல்லுறனான்தானே.

நாகேந்திரம்: ஓம். எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்.

செலீன்: அவங்கள் வேலி அடிக்க வந்தது ஒரு ஐப்பசி மாரி முழுக்கப் பெய்து முடிஞ்ச பிறகு, அண்ணை. அந்த மழைக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அந்த வளவுக்குப் போய்ப் பாத்தனான். ஒண்டும் முளைக்கேல்லை… கட்டடம் வரப்போகுதாம் எண்டு ஆரோ சொன்ன கதையைக் கேட்டு, முந்தின மாசியில சொப்பிங் பையோட போய், ஒரு காய் விடாம ஆய்ஞ்சுகொண்டு வந்த ஆள் நான்தான்.